அண்ணி போட்ட இருநூற்று எழுபது கோடுகள்

அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. முதல் ஒரு மாதம், அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு பிரமாதம் என்று சொன்னாலும் அதே முகம், உப்பு கூட என்று சொன்னாலும் அதே முகம். ஒரு பாடத்தில் கோட்டைவிட்டுவிட்டு வந்து நின்றேன். வீடு ரெண்டுபட்டது. அண்ணி மட்டும் மதிப்பெண் தாளை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், துணி உலர்த்தப் போய்விட்டார். கோபமா, வருத்தமா, இரண்டும் இல்லையா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். அண்ணனிடம் கேட்டதற்கு, "அவ வேலை அப்படிடா. உனக்குப் பழகிடும்" என்று சொல்லிவிட்டான்.

அண்ணி மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பவர். முதல் மாடியில் எக்ஸ்ரே அறைக்கு அடுத்த கதவு. ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, சக்கரம் வைத்த மேசையில் இயந்திரம், மூலையில் கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான் அந்த அறை. வருகிறவரைப் படுக்கவைத்து, மார்பில் ஆறும் கைகால்களில் நாலுமாக வயர்களை ஒட்டி, மூச்சைச் சாதாரணமாக விடச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள் சரசரவென்று வெளியே வரும். படுத்திருப்பவர் தாளைப் பார்க்கமாட்டார், அண்ணியின் முகத்தைத்தான் பார்ப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்காமல் எழுந்துபோன ஆளே கிடையாது. டாக்டர் பார்த்துச் சொல்லுவார் என்பதற்கு மேல் ஒரு சொல் பேச அண்ணிக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தாளில் என்ன இருக்கிறது என்று அந்த நொடியே அவருக்குத் தெரியும். மோசமாக இருந்தால் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நடையைக் கூட்டுவாரே தவிர ஓடமாட்டார். ஓடினால் கட்டிலில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடம் இப்படி நடந்து நடந்துதான் அந்த முகம் வந்திருக்கிறது. இது புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

என் பிழைப்பு வேறு. வார நாட்களில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். சனி, ஞாயிறு மத்தியானங்களில் ஸ்கேட்டிங் ரிங்கில் டிஜே. சிமெண்டுத் தரையில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, நூறு நூற்றைம்பது பேர் ஒரே திசையில் வட்டமடிக்கும் இடம் அது. அங்கே பாட்டு நிற்கவே கூடாது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு அதன் மேலேயே ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டின் பீட்டும் ஒன்றன் மேல் ஒன்று அச்சாக விழ வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் கால்கள் குழம்பிவிடும்.

எனக்கு ஒருநாள் விலகியது. ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் ரயில்போல் போய்க்கொண்டிருந்தார்கள். நான் புதுப் பாட்டை ஏற்றினேன். முதல் அரை நிமிடம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு இரண்டு பாட்டின் ட்ரம்மும் பிரிந்து, குதிரை ஓடுவதுபோல் டக்கடக் டக்கடக் என்று கேட்க ஆரம்பித்தது. ரயிலில் பாதிப் பேர் ஒரு பாட்டுக்குக் கால் வைத்தார்கள், மீதிப் பேர் இன்னொன்றுக்கு. பெட்டி பெட்டியாகக் கவிழ்ந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. மேனேஜர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ரேடியோவை வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். டிஜே மென்பொருள் தானாகவே ஒவ்வொரு பாட்டையும் ஆராய்ந்து, நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று கணக்கிட்டு, பாட்டின் அலைமேல் வரிசையாகக் கோடு போட்டுவைத்திருக்கும். அந்தக் கோடுகளை நம்பித்தான் இரண்டு பாட்டையும் அது ஒட்டவைக்கிறது. கோடெல்லாம் எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. சவுண்டு சிஸ்டத்தில்தான் ஏதோ கோளாறு என்று அண்ணனிடம் அளந்துகொண்டிருந்தேன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறைப் பற்றிச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பான், பாதி நேரம் தூங்கியும் விடுவான்.

அண்ணி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"தம்பி, இதை இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டு."

தள்ளினேன்.

"இன்னும். கடைசிக்குப் போ."

பாட்டின் கடைசிப் பகுதிக்குப் போனேன். அங்கே கோடு ஒரு இடத்தில் இருந்தது, ட்ரம் அலையின் கூம்பு வேறொரு இடத்தில் இருந்தது. ஏறக்குறைய ஒரு முழு பீட் இடைவெளி. அண்ணி துணியை நாற்காலியில் வைத்தார். உள்ளே போய் ஒரு எஃகுக் கவராயம் எடுத்துவந்தார். பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டியில் வட்டம் போட இருப்பது போலத்தான், ஆனால் இதற்கு இரண்டு கால்களிலும் ஊசி. ஈசிஜி தாளில் துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள தூரத்தை அளப்பதற்காக அந்தக் காலத்தில் கொடுத்தார்களாம். அதைத் திரையின் மேல் வைத்து, ஒரு கூம்பிலிருந்து அடுத்த கூம்புக்கு அளந்து, அப்படியே கால்மாற்றிக் கால்மாற்றி நடக்கவைத்தார். கோடு முந்திக்கொண்டு ஓடியது, ட்ரம் பின்தங்கியது.

மென்பொருள் போட்டிருந்தது நூற்று இருபத்துநாலு. உண்மையில் அந்தப் பாட்டு நூற்று இருபத்து மூன்றே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்குக் கால் பீட் சொச்சம் வித்தியாசம்தான். மூன்று நிமிடத்தில் அது ஒரு பீட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. நான் எப்போதும் பாட்டின் தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுவேன். தொடக்கத்தில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

குதிரைச் சத்தம் கேட்டதை அவரிடம் சொன்னேன். இதயத்தில் கூடுதலாக ஒரு சத்தம் கேட்டால் தங்கள் டாக்டரும் குதிரை ஓடுகிறது என்றுதான் சொல்லுவார் என்றார் அண்ணி. அவர் வேலையைப் பற்றி என்னிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அவரே கேட்டார்: "வேற பாட்டு இருக்கா?"

என்னிடம் நானூறு பாட்டு இருந்தது.

ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை சாப்பாட்டு மேசையின் ஒரு முனை அண்ணிக்கு என்று ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு பாட்டுக்கு மேல் தொடமாட்டார். முதலில் கடைசியைப் பார்ப்பார், பிறகு நடு, அப்புறம்தான் தொடக்கம். முதல் பீட் எது என்று காதை வைத்துக் கேட்டுக் கோட்டை நகர்த்துவார். பல பாட்டுகளில் மென்பொருள் இரண்டாவது பீட்டை முதல் பீட் என்று நினைத்துக்கொண்டிருந்தது. சிலவற்றில் நூற்று எழுபத்துநாலு ஓடும் பாட்டை எண்பத்தேழு என்று பாதியாகக் காட்டியது. எனக்கு அது பெரிய அதிசயம். அண்ணி கண்டுகொள்ளவே இல்லை. வார்டில் இருக்கும் மானிட்டரும் சில பேருக்கு ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும், அதற்குத்தான் கையைப் பிடித்து நாடி பார்க்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்றார்.

கோடு சரியானதும் குறியீடுகள் வைப்பார். பாட்டு வெறும் ட்ரம்மாக ஓடும் இடம் எது, பாடுகிற குரல் எங்கே நுழைகிறது, எங்கே ட்ரம் நின்று மறுபடி விழுகிறது, எந்தச் சுருதி, எல்லாவற்றுக்கும் ஒரு நிறம். இதற்கெல்லாம் டிஜேக்களிடம் வேறு பெயர்கள் உண்டு. அண்ணன் பார்த்துவிட்டு, லிஃப்டில் இருப்பது மாதிரி ஏறுகிற இடம், இறங்குகிற இடம் என்று எழுதினால் போதாதா என்றான். அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் என் லேப்டாப்பில் பச்சை என்றால் ஏறுகிற இடம், சிவப்பு என்றால் இறங்குகிற இடம். குரலோடு குரல் முட்டிக்கொள்ளும் இடங்களுக்கு மஞ்சள் வைத்து, 'நெரிசல்' என்று எழுதுவார்.

நாலே மாதத்தில் நானூறு பாட்டும் முடிந்தது. நான் ரிங்கில் இரண்டு பாட்டை ஒட்டினால், எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியாது. மேனேஜர் ஒருநாள் ரிங்கில் நான் பாட்டுப் போடும் அறைக்கு வந்து, ரொம்ப நேரமாக ஒரே பாட்டா போடுகிறாய் என்று கேட்டார். அதற்குள் ஏழு பாட்டு போயிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அதே முகம். ஆனால் அன்றைக்கு, புதிதாகச் சேர்ந்த பாட்டுகளில் ஆறுக்குப் பதில் எட்டு பார்த்தார்.

மற்ற டிஜேக்களுக்கு விஷயம் கசிந்தது. அவர்களில் ஸ்பீடு என்று ஒருவன். எல்லாவற்றையும் நாலு மடங்கு வேகத்தில் செய்து, எட்டு மடங்கு வேகத்தில் கெடுப்பான் என்பதால் வந்த பெயர். பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே செய்கிற வேலைக்கு வீட்டில் ஒரு ஆள் வைத்திருக்கிறாயா என்று என்னைக் கேட்டுச் சிரித்தவன், இரண்டு மாதம் கழித்து அறுபது பாட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றான். அண்ணி வாங்கிவைத்துக்கொண்டார். நாளைக்கே வேண்டும் என்று அவன் இழுத்தபோது, பத்து நாள் ஆகும் என்றார். அவன் கெஞ்சினான். பத்து நாள்தான் ஆனது.

பாட்டின் மேல் போடும் அந்தக் கோட்டு வரிசையை டிஜேக்கள் கட்டம் என்பார்கள்; அவர்கள் வட்டாரத்தில் அவருக்குக் 'கட்டம் அண்ணி' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரோடு நம்பர் எப்படியோ கைமாறிப் போய், ஒருவர் போன் செய்து குளியலறைக்கு எத்தனை சதுர அடி டைல்ஸ் வேண்டும் என்று விசாரித்தார். போனை எடுத்த அண்ணன், எங்கள் ஆள் தரையில் போடமாட்டார், பாட்டில்தான் போடுவார் என்று பொறுப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒன்பது நிமிடப் பாட்டு வந்தது.

ரிங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடுவது என்று மேனேஜர் ஏற்பாடு செய்தார். இருநூறு பேர் பெயர் கொடுத்தார்கள். அதற்கு ஒரு ட்ரம்மரையும் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், ஐம்பது வயதிருக்கும். எலக்ட்ரானிக் இசையில் எல்லாரும் ட்ரம்மை மெஷினில் போட்டுக்கொள்ளும்போது, அவர் மட்டும் தன் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே வாசித்துப் பதிவு செய்வார். ஒன்பது நிமிடம் ஓடும் அவருடைய பாட்டு ஒன்று ஸ்கேட்டிங் செய்பவர்களுக்கு உயிர். ஆனால் எந்த டிஜேயாலும் அதை இன்னொரு பாட்டோடு ஒட்ட முடிந்ததில்லை. முந்தைய பாட்டை நிறுத்திவிட்டு அதைத் தனியாகத்தான் போடுவார்கள். ஏனென்றால் அதன் வேகம் ஒரு இடத்தில் நிற்காது. நூற்றுப் பதினெட்டில் தொடங்கி, நூற்று இருபத்துமூன்று வரை போய், திரும்பி வரும். மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடுகிறவர்களுக்கு நடுவில் பாட்டை நிறுத்த முடியாது. அந்தப் பாட்டைப் போடாமலும் இருக்க முடியாது.

மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. கோணல்மாணலாக ஓடும் பாட்டை இழுத்துப் பிடித்து ஒரே வேகத்துக்கு நேராக்கிவிடும். நான் அப்படிச் செய்து ஒட்டிப் பார்த்தேன். தொடக்கம் கச்சிதமாக ஒட்டியது. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

அவர் இரண்டு நிமிடம் கேட்டார். "இதை யாரு இஸ்திரி போட்டது?" என்றார்.

நான் விளக்கினேன். அவர் பழைய பாட்டைப் போடச் சொல்லி, முழுதாக, ஒன்பது நிமிடமும் கேட்டார். பிறகு, எனக்குத் தெரிந்து அவர் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"நல்ல ஆரோக்கியமான ஆளை எடுத்துக்கோ. மூச்சை உள்ள இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும். வெளிய விடும்போது தணியும். தாள்ல பார்த்தா ஒண்ணுக்கொண்ணு இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. அது கோளாறு இல்ல தம்பி, அதுதான் உயிரோட்டம். கடிகாரம் மாதிரி ஓடுதுன்னு வை, அப்பதான் நாங்க ரெண்டாவது தடவை பார்ப்போம். இவரு மூச்சு விட்டுக்கிட்டே வாசிச்சிருக்காரு. நீ அதைப் பிடிச்சு நிறுத்திட்ட."

அப்படியென்றால் எப்படித்தான் ஒட்டுவது என்று கேட்டேன். பாட்டைக் கோட்டுக்குக் கொண்டுவராதே, கோட்டைப் பாட்டுக்குக் கொண்டுபோ என்றார். அதாவது நாலு பீட்டுக்கு ஒரு கோடு, ஒவ்வொன்றையும் கையால், அவர் எங்கே அடித்திருக்கிறாரோ அங்கே வைப்பது. பிறகு அதோடு ஒட்டுகிற மற்ற பாட்டு இதன் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். மெஷின் பாட்டுதானே, அது கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும் என்றார். ஒன்பது நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் இருநூற்று எழுபது கோடுகள் வந்தன. எனக்குத் தலை சுற்றியது. அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பதினொரு நாள் ஆனது. தினம் இருபத்தைந்து, முப்பது கோடு. ஒரு கோட்டுக்கு முன்னால் போய், நாலு பீட் கேட்டு, கோட்டை நகர்த்தி, மறுபடி கேட்டு, இன்னும் இத்துனூண்டு நகர்த்தி, மறுபடி கேட்பார். அண்ணன் ஹாலில் படுத்துக்கொண்டு, இந்த நாலு அடியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன் என்று முனகுவான். அண்ணி காதில் வாங்கமாட்டார். ஏழாவது நாள் அவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். அன்றைக்கு ஒரு கோடுகூட நகரவில்லை. நூற்று அறுபத்தோராவது கோட்டையே திரும்பத் திரும்பக் கேட்டார். விரலை மடக்கி எண்ணினார். என்னை எண்ணச் சொன்னார். அதுவரை நாலு நாலாக வந்துகொண்டிருந்த பாட்டில் அங்கே மட்டும் ஐந்து இருந்தது.

எல்லா டிஜேக்களும் இடறியது அங்கேதான். முதல் பாதியை எப்படியோ சமாளித்து ஓட்டிவந்தாலும், அந்த ஐந்தாவது பீட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரு அடி தள்ளிப்போய்விடும். ஏன் தள்ளிப்போகிறது என்று யாருக்கும் விளங்கியதில்லை, ஏனென்றால் கேட்கும்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேண்டுமென்றே வைத்ததா, தவறி விழுந்ததா என்று வாசித்தவரைக் கேட்காமல் மேலே கோடு போடமாட்டேன் என்றார் அண்ணி. நான் மேனேஜரிடம் நம்பர் வாங்கி ட்ரம்மருக்குப் போன் செய்தேன்.

மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். வாட்டசாட்டமான மனிதர். எங்கள் நாற்காலி அவருக்குக் கொஞ்சம் சிறியது. தண்ணீர் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே, என்ன சந்தேகம் என்று கேட்டார். பாட்டில் ஒரு இடத்தில் பீட் கூடுதலாக இருக்கிறதோ என்று நான் மென்று விழுங்கினேன். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் குரல் மாறியது. அந்தப் பாட்டை வாசித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், அப்படி யாரும் சொன்னதில்லை, தன் கை அப்படித் தவறாது என்றார். கம்ப்யூட்டர் தப்பாக எண்ணியிருக்கும் என்றும் சொன்னார்.

பிறகு அண்ணியைப் பார்த்தார். கட்டிலில் படுத்திருப்பவர்கள் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. அண்ணியின் முகத்தில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் அவர் பேசமாட்டார், பேசாமலே இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார், நான்தான் ஏதாவது சொல்லிச் சமாளித்து அனுப்ப வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இல்ல சார்," என்றார் அண்ணி. "இங்க அஞ்சு இருக்கு. கம்ப்யூட்டர் எண்ணல, நான் எண்ணினேன்."

அண்ணி லேப்டாப்பை ட்ரம்மர் பக்கம் திருப்பினார். அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினார். முதல் தடவை அவர் தலையை ஆட்டி மறுத்தார். இரண்டாவது தடவை தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். நாலாவது தடவை தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஆறு தடவை கேட்டார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"குச்சி," என்றார்.

அன்றைக்குப் பதிவு செய்யும்போது வலது கைக் குச்சி வழுக்கி விழுந்துவிட்டதாம். பக்கத்தில் இன்னொரு குச்சி இருந்தது. அதை எட்டி எடுக்கும் நேரத்தில், நின்றால் முழுப் பாட்டும் போயிற்று என்று, இடது கையால் ஒரு அடி கூடப் போட்டுச் சமாளித்திருக்கிறார். பதிவு செய்துகொண்டிருந்த அவருடைய தங்கைக்குக்கூடத் தெரியாது. அவருக்கே மறந்துபோயிருந்தது. இதைச் சொல்லும்போது ரொம்ப நாள் கழித்துத் தொலைந்த பொருள் கிடைத்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. உடனே, அந்த ஒன்றை வெட்டி எடுத்துவிடுங்கள், உங்களால் முடியும்தானே என்று அண்ணியைக் கேட்டார்.

முடியும் என்றார் அண்ணி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள் என்று, அதற்குப் பின்னால் வரும் கோடுகளைக் காட்டினார். அதுவரை நூற்றுப் பத்தொன்பதில் போய்க்கொண்டிருந்த வேகம், குச்சி கைக்கு வந்த பிறகு பத்தே கோட்டில் நூற்று இருபத்திரண்டுக்கு ஏறியிருந்தது.

"தப்பிச்சோம்னு ஒரு சந்தோஷம் வந்திருக்கு உங்களுக்கு. அது இதுல தெரியுது. அந்த ஒண்ணை எடுத்தா, இது எதுக்கு வேகமாகுதுன்னு காரணம் இல்லாம போயிடும். ஆனா பாட்டு உங்களோடது சார். எங்க என்ன இருக்குன்னு மட்டும்தான் நான் சொல்லலாம்."

அவர், இருக்கட்டும் மேடம், விட்டுடுங்க என்றார். போகும்போது வாசலில் என்னிடம், இவங்க எங்கே வேலை பார்க்கிறாங்க என்று கேட்டார். சொன்னேன். மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே படியிறங்கினார்.

மீதிக் கோடுகளை நாலு நாளில் முடித்தார் அண்ணி. ஐந்தாவது பீட் வருவதற்கு எட்டு கோடு முன்னாலேயே மற்ற பாட்டு இறங்கிவிட வேண்டும் என்று சிவப்புக் குறி வைத்தார். அந்த இடம் தனியாகத்தான் கேட்க வேண்டும், அங்கே யாரும் கூட இருக்கக் கூடாது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவரை ரிங்குக்கு அழைத்துவந்தான். அத்தனை நாள் பாட்டு பார்த்தும், அண்ணி அந்த இடத்துக்குள் கால் வைத்ததில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருநூறு பேர் ஒரே சமயத்தில் சக்கரம் உருட்டுவதைப் பார்த்து அண்ணன்தான் வாயைப் பிளந்தான். அண்ணி கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மணி நேரத்தின் நடுவில் அந்தப் பாட்டை ஏற்றினேன். பச்சைக் குறியில் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் பாட்டு அதன் வேகத்துக்கு வளைந்து வளைந்து கூடவே வந்தது. என் கை எதையும் தொடவில்லை. எந்தப் பாட்டு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஓடுகிறவர்களிடமிருந்து ஒரு இரைச்சல் எழுந்தது. முந்தைய பாட்டு நிற்கவில்லையே என்று சிலர் திரும்பி என் அறையைப் பார்த்தார்கள். சிவப்பில் மற்றது இறங்கியது. எட்டு கோடு போனது. ஐந்தாவது பீட் வந்தது.

அதுவரை எல்லாரும் வலது காலில் பிடித்துக்கொண்டிருந்த முதல் பீட் இடது காலுக்கு மாறியது. இருநூறு பேரும் ஒரு சின்னத் துள்ளு துள்ளி, கால் மாற்றி, ஓடினார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. அப்படி ஒன்று நடந்தது என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ட்ரம்மர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். வேகம் நூற்று இருபத்திரண்டுக்கு ஏறியபோது அவர் அண்ணி இருந்த பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். அண்ணி பதிலுக்கு வணக்கம் சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அடுத்த பாட்டு இருந்தது.

அதற்குப் பிறகு ட்ரம்மர் எந்தப் பாட்டைப் பதிவு செய்தாலும் வெளியிடுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார். ஸ்பீடும் அனுப்புகிறான், பத்து நாள் காத்திருக்கிறான். ஒரு இசைப் பள்ளியிலிருந்து வாரம் ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். தனக்குச் செய்யத்தான் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று அண்ணி மறுத்துவிட்டார். மருத்துவமனையில் அவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. காலையில் ஏழரைக்குக் கிளம்பிப் போகிறார்.

போன வருடம் மேனேஜர் புதன்கிழமைகளில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று ஒரு பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். அதில் முதல் பெயர் அண்ணியுடையது. எங்களிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. புது சக்கரக் காலணிப் பெட்டியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் வாரம் இரண்டு தடவை விழுந்தார். அண்ணன் தடுப்புக்கு வெளியே, அவர் போகிற வேகத்துக்குக் கூடவே நடந்துபோனான். லிஃப்டுக்கே இவ்வளவு பயந்ததில்லை என்று என்னிடம் சொன்னான்.

அந்த வகுப்புக்கு என்ன பாட்டு போடலாம் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நான் என் லேப்டாப்பிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு ஒதுக்கினார்.

"கோடெல்லாம் சரியாதான இருக்கு அண்ணி? நீங்க போட்டதுதான்."

"கோடு சரியா இருக்கு. பாட்டுதான் எனக்குப் பிடிக்கல. தம்பி, நீ தப்பா நினைக்காத, உன் பாட்டுல பாதி எனக்கு எப்பவுமே பிடிச்சதில்ல."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார். பிறகு தானே தேடி எடுத்துவைத்திருந்த பதினான்கு பாட்டுகளை எனக்குக் காட்டினார். எல்லாமே தொண்ணூற்றாறுக்கும் நூறுக்கும் நடுவில் ஓடுபவை, முழங்கால் நோகாமல் வட்டமடிக்கத் தோதானவை. நான் கேள்விப்பட்டதே இல்லாத பாட்டுகள் பாதி. வரிசையை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலங்களில் கடையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அந்தப் பதினான்கையும் அதே வரிசையில் போடுகிறேன். மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை.